டெக்சாஸில் வெயில் எப்படி?

"உங்க கூட்டத்துல எனக்காக ஜெபம் பண்றாங்களாம்மா?" என்று மார்லா கேட்டாள்.

"பண்ணாம இருப்பாங்களா? வாராவாரம் பண்றாங்க."

"பேர் சொல்லியா?"

"பேர் எதுக்குடி? நீ யாருன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். அப்ப யாருக்கும்மா தெரியக் கூடாது?"

நெல்டா வாயைத் திறக்கும் முன் தொலைபேசியில் பதிவு செய்த குரல் ஒன்று குறுக்கே வந்தது. இது மாநிலச் சிறையிலிருந்து வரும் அழைப்பு, பேசுவது பதிவாகிறது என்று அறிவித்தது. ஏழு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல். விருந்தாளி வந்ததும் பேச்சை நிறுத்துவதுபோல, அது முடியும்வரை தாயும் மகளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அடுத்த வியாழக்கிழமை காலையில விட்டுடுவாங்க" என்றாள் மார்லா. "நகரத்துல ஒரு விடுதி இருக்கு. என்னை மாதிரி வெளிய வர்றவங்களுக்கு. எனக்கு இடம் வெச்சிருக்காங்க. நான் அங்க போயிடறேம்மா."

"ஏன்டி? உன் ரூமுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேனே!"

"எந்த மார்லாவுக்கு அடிச்ச? டெக்சாஸ்ல நர்ஸா இருக்காளே, அவளுக்கா? அவ வர மாட்டா. அப்படி ஒருத்தி கிடையாது. நான் எங்கேருந்து வர்றேன்னு தெரிஞ்ச ஊருக்குத்தான் நான் வருவேன். அங்க நான் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியவங்க இருக்காங்க. நீ அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்னா, புதன்கிழமை கூப்பிடறப்ப எனக்குச் சொல்லு. சொல்ல முடியலேன்னா விட்டுடு. கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் நெல்டாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. கோபித்துக்கொள்ளும் மகளைச் சமாதானப்படுத்திவிடலாம். கோபிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டவளை என்ன செய்வது?

அதனால்தான் இந்த வருடம் சபைப் பெண்களின் ஜெப முகாமுக்கு அவள் ஒரு முடிவோடு கிளம்பினாள். அவர்களுடையது சின்ன பாப்டிஸ்ட் சபை. ஏப்ரலில், மரங்களெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்கும் நாட்களில், சபைப் பெண்கள் ஏரிக்கரை முகாமுக்குப் போய் வெள்ளிக்கிழமை தங்கி, சனிக்கிழமை மதியம் திரும்புவார்கள். இந்த வருடத்துப் பொருள் 'பாரத்தை இறக்கிவை' என்பது. அந்த வார்த்தைகளை ரோஜா நிறச் சட்டைகளில் அச்சிட்டு எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். நெல்டாவுக்கு வந்தது ஒரு அளவு சிறியது. பாரம் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

சபை வேனை வில்லடீன் ஓட்டினாள். பெண்கள் சங்கத் தலைவி. நெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். மலைப் பாதையோ நெடுஞ்சாலையோ, அவள் கையில் வண்டி இருந்தால் சரக்கு லாரிகள்கூட ஒதுங்கி வழிவிடும்.

"என்ன நெல்டா, சத்தத்தையே காணோம்?" கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வில்லடீன் கேட்டாள். "மார்லா எப்படி இருக்கா? டெக்சாஸ்ல இந்நேரம் வெயில் ஆரம்பிச்சிருக்குமே?"

இதுதான் சமயம் என்று நெல்டா நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"ஆரம்பிச்சிடுச்சாம். போன வாரம் ஆலங்கட்டி மழை வேற."

ஆலங்கட்டி மழையை அவள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். ஏழு வருடமாக அவள் தன் ஊர் வானிலையைக் கவனித்ததில்லை. டெக்சாஸில் புயல் எங்கே, வறட்சி எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். மார்லாவைச் சிறைக்குக் கொண்டுபோன மறு ஞாயிற்றுக்கிழமை, கோயில் படியில் வைத்து, "மார்லாவைக் காணோமே?" என்று வில்லடீன்தான் கேட்டாள். டெக்சாஸில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று நெல்டாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற அவள் கணவர் வெர்னன் தொப்பியைக் கையில் சுழற்றியபடி தரையைப் பார்த்தார். சொல்லாதே என்றும் சொல்லவில்லை; ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை.

மார்லா பக்கத்து மாவட்டத்து முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தவள். முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை அவளை விடவில்லை. கடைசியில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களின் வலி மருந்தையே திருடினாள். பிடிபட்டாள், குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இல்லத்தார் தங்கள் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டார்கள்; பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. அதனால் ஊருக்குத் தெரியாது என்று நெல்டா நம்பினாள். வில்லடீனின் அம்மாவும் அந்த இல்லத்தில்தான் கிடந்து இறந்தார். அடக்கத்தன்று சவப்பெட்டியருகே நின்று மார்லா தேம்பித் தேம்பி அழுததை நினைக்கும்போதெல்லாம், நெல்டா எழுந்து போய் வேறு வேலை பார்ப்பாள்.

வெர்னன் இருந்தவரை மாதம் தவறாமல் அவளைச் சிறைக்கு அழைத்துப் போனார். அவர் போன பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட நெல்டாவின் கண்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு வருடமாக மகளின் குரல் மட்டும்தான்.

வெர்னனின் அடக்கத்துக்கு மார்லா வரவில்லை. "பாவம், டெக்சாஸ்லேர்ந்து விமானம் கெடைக்கலையாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் வில்லடீனே சொன்னாள். அன்று நெல்டாவின் சமையலறையில் சபைப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்களை வைக்க இடமில்லை. கோழியும் சீஸும் போட்டுச் சுட்டது, அவரைக்காய், உருளைக்கிழங்கு. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் கொண்டுவந்தவள் பெயர். இரவெல்லாம் யாராவது ஒருத்தி கூட இருந்தாள். ஒருத்தி அவள் தலையைச் சீவிவிட்டாள். இந்தப் பெண்கள் இல்லாவிட்டால் நான் அந்த மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டேன் என்று நெல்டா ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறாள். அதில் பொய் இல்லை.

ஜெப வட்டத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் விண்ணப்பத்தைச் சொல்வாள்: மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, ஜெனீவாவுக்கு முழங்கால் வலி. வெளியே சொல்ல விரும்பாதவள் கையைத் தூக்கி, "எனக்கொரு சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. எல்லோரும் தலைகுனிந்து, இன்னதென்று தெரியாத அந்த ஒன்றுக்காக ஜெபிப்பார்கள். ஏழு வருடமாக நெல்டா அந்தக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். முதலில் அது குடைபோல இருந்தது. பிறகு எப்போதோ கூரையாகி, அவள் அதற்கடியில் குடியேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஏரிக்கரையில் ஆளுக்கொரு கல் கொடுத்தார்கள். மனதில் இருக்கிற பாரத்தைக் கல்லில் எழுதி, ஏரியில் எறிய வேண்டும். கரை முழுக்கக் கல் கிடக்க, வில்லடீன் கடையில் வாங்கிய வழவழப்பான கற்களை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள்.

"கரைக் கல்லுல எழுத்து ஒட்டாதாம்" என்றாள் ஜெனீவா, நெல்டாவின் காதருகே. ஜெனீவாவுக்குக் காது மந்தம். அவள் ரகசியம் அக்கரைக்குக் கேட்கும். "ஆண்டவருக்குக்கூட நல்ல கல்லா பார்த்துத்தான் குடுக்கணும்போல. நான் முழங்கால்னு எழுதிட்டேன். நீ என்னடி எழுதின?"

"ஒண்ணும் எழுதல."

"என்னது?"

"ஒண்ணும் இல்லேன்னேன்!"

"குடுத்துவெச்சவ" என்றாள் ஜெனீவா.

கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. பெண்கள் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பிறகு பவுண்டு கேக் சாப்பிடப் போனார்கள். நெல்டா தன் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு பாட்டு வந்தது. பாட்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? நாளைக் காலை சொல்லலாம்.

சனிக்கிழமைக் காலை, ஏரியில் இன்னும் மூடுபனி விலகாதபோது வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த வேளையில் அந்தப் பெண்கள் மெதுவாகச் சேர்ந்து பாடுவதைக் கேட்டால் கல்லும் இளகும். நெல்டாவும் இளகினாள். இளகித்தான் போனாள், ஆனால் முறை வந்ததும் கை பழக்கத்தில் மேலே போயிற்று.

"எனக்கொரு சொல்லாத விண்ணப்பம்."

"ஜெபிக்கிறோம், நெல்டா" என்றது வட்டம்.

அன்றைக்கு ஜெபத்தை நடத்தியவள் கெல்சி, புதுப் போதகரின் மனைவி. வயது இருபத்தைந்துகூட இருக்காது. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எல்லோர் மனதிலும் இடம்பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பில், எல்லோருடைய விண்ணப்பத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

"ஆண்டவரே, ஜெனீவாம்மாவோட முழங்காலைத் தொட்டருளும். நெல்டாம்மாவோட சொல்லாத விண்ணப்பத்தை நீர் அறிவீர். ஜெயில்ல இருக்கற அவங்க மகள் மார்லாவை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கறோம். வர்ற வியாழக்கிழமை அவ வெளிய வரும்போது..."

அங்கே நின்றுவிட்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமென்!" என்றாள் ஜெனீவா, சத்தமாக.

வில்லடீன் உடனே ஒரு பாட்டை எடுத்தாள். யாராலும் எட்ட முடியாத உச்சத்தில் எடுத்துவிட்டாள். ஆனாலும் எல்லோரும் முட்டிமோதிப் பின்னால் ஏறினார்கள்.

நெல்டா கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். பெயர் வெளியே வந்துவிட்டதே என்பது அவளை உலுக்கவில்லை. அந்தப் பெயர் வந்தபோது யாரும் திடுக்கிடவில்லை. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் இல்லை, ஒரு நாற்காலி முனகவில்லை. வியாழக்கிழமை என்பதுகூட அவர்களுக்குப் புதிதில்லை. தெரியாதவர்கள் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

காலை உணவுக்குப் பின் சமையலறையில் வில்லடீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நெல்டா துண்டை எடுத்துத் துடைக்க நின்றாள். கெல்சி வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அது சின்னப் பொண்ணு" என்றாள் வில்லடீன், திரும்பாமலே. "சொல்லாத விண்ணப்பத்தைப் போட்டு உடைக்கக் கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. நான் கண்டிச்சு வெக்கிறேன்."

"அவ ஒருத்திதான் என் மக பேரை ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கா. அவளை எதுக்குக் கண்டிக்கணும்? எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

வில்லடீன் அடுத்த தட்டைத் தண்ணீரில் முக்கினாள்.

"முதல்லேர்ந்து."

"யாரு சொன்னா?"

"விசாரிக்க வந்த போலீஸ்காரனே சொன்னான். எங்க வீட்டு சோபாவுலதான் உக்காந்தான், தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு. எங்கம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து போய்ச் சேரலைன்னான்."

நெல்டாவின் கையில் துண்டு நின்றது. இத்தனை வருடமாக எழுந்துபோய் வேறு வேலை பார்த்து அவள் தள்ளிவைத்திருந்தது இதைத்தான்.

"நீ எத்தனை பேர்கிட்ட சொன்ன?"

"ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்."

"எத்தனை பேர்கிட்ட, வில்லடீன்?"

"எல்லார்கிட்டயும்தான். அவளை விடற தேதியை எனக்குக் கடுதாசி போட்டுத் தெரிவிச்சாங்க, அதையும் சொன்னேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா வாராவாரம் கேட்ட? டெக்சாஸ்ல வெயில் எப்படி, மழை எப்படின்னு?"

"வாராவாரம் நீதானேடி பதில் சொன்ன?" வில்லடீன் திரும்பினாள். சோப்பு நுரை முழங்கை வரை இருந்தது. "நேத்திக்கு ஆலங்கட்டி மழை. போன கோடையில ஆறு வத்திப்போச்சு. ஒரு வருஷம் சூறாவளி வந்தப்ப, மார்லா பத்திரமா இருக்கான்னு வட்டத்துல நன்றி ஜெபம் பண்ணச் சொன்ன. பண்ணினோம். அங்க இல்லாத பொண்ணு அந்தச் சூறாவளியில தப்பிச்சதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்!"

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குச் சொல்லணும்? எங்கம்மா கடைசி மாசம் பூரா முனகிக்கிட்டே கெடந்தாங்க. வயசானா அப்படித்தான்னு நெனச்சேன். உன் மக பக்கத்துல உக்காந்து அவங்க கையைப் புடிச்சுக்கிட்டிருப்பா. மருந்து அவ பையில. கை எங்கம்மா கையில. அடக்கத்தன்னிக்கு அவளைக் கட்டிப்புடிச்சு நான் நன்றி சொன்னேன், நெல்டா. நன்றி!" அவள் குரல் உடைந்து, மறுபடி இறுகியது. "அவளுக்குக் கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு. நீ என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் மக இப்படிப் பண்ணிட்டான்னு சொல்லியிருந்தா... நீ டெக்சாஸுக்குப் போயிட்ட. சரி, போ, எவ்வளவு தூரம் போறேன்னு பார்ப்போம்னு நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீ ஒவ்வொரு தடவை பொய் சொல்றப்பவும் எனக்குக் கொஞ்சம் நல்லாயிருந்துச்சு. கோயில் படியிலதான் நின்னுக்கிட்டு, கையில வேதத்தை வெச்சுக்கிட்டுத்தான். எனக்கு நல்லாயிருந்துச்சு."

"என்னைக் கன்னத்துல ஒரு அறை அறைஞ்சிருக்கலாம் நீ."

"கோயில்லயா?" என்றாள் வில்லடீன், நிஜமாகவே அதிர்ந்து.

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத் தொடங்கிய அது பாதியில் வேறாகிவிட்டது. கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பினாள். அடியில் ஒட்டுநாடா, அதில் வில்லடீனின் பெயர்.

"வெர்னன் போனப்ப இது எங்க வீட்டுக்கு வந்துச்சு" என்றாள். "மார்லாவைக் கொண்டுபோனப்ப ஒரு பாத்திரம் வரலையே. அன்னிக்கும் எனக்கு வாயில சோறு எறங்கல."

"டெக்சாஸுக்கு வேலைக்குப் போன பொண்ணுக்காக யாருடி பாத்திரம் தூக்கிக்கிட்டு வருவா?"

மிச்சப் பாத்திரங்களை ஒருத்தி கழுவ, ஒருத்தி துடைத்து முடித்தார்கள். பழகிய கைகள், எத்தனையோ கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் சேர்ந்து கழுவியவை.

நெல்டா படகுத்துறைக்குப் போய் நின்றாள். கோபம் வில்லடீன்மேல் நிற்க மறுத்து, திரும்பத் திரும்ப அவளிடமே வந்து உட்கார்ந்தது. இந்த ஏழு முகாம்களில் எத்தனை ஜெபம், எத்தனை கண்ணீர்! அவள் மறைத்தாள், அவர்கள் மறைக்க இடம் கொடுத்தார்கள். சொல்லாத விண்ணப்பம் எவ்வளவு வசதியானது! சொல்கிறவளுக்கு வெட்கமில்லை. கேட்கிறவளுக்கு வேலையில்லை. சொல்லிவிட்டால் யாராவது எழுந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஒரு பாத்திரம் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும். ஆண்டவரிடம் மட்டும் விட்டுவிட்டால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். ஏழு வருடமாக எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், கம்பிக்குப் பின்னால் கிடந்த ஒருத்தியைத் தவிர.

மகள் கேட்டது நினைவுக்கு வந்தது. யாருக்கும்மா தெரியக் கூடாது? இப்போது பதில் தெரிந்தது. எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியக் கூடாததாக இருந்தது.

சட்டைப் பையில் கல் கனத்தது. எறியலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எறியவில்லை. தண்ணீரில் போட்ட பாரத்தை யாரும் தூக்கப்போவதில்லை.

மதியம் கடைசி வட்டம். பெட்டிகள் வாசலில் அடுக்கியாகிவிட்டது. வீட்டுக்குப் போகிற அவசரம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. கண் வீங்கிய கெல்சி, நெல்டா பக்கம் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெல்டா போய் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் நடுங்கிப்போய், "மன்னிச்சிடுங்கம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு..." என்று முணுமுணுத்தாள்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல, கண்ணு" என்றாள் நெல்டா.

வட்டம் சுற்றி வந்தது. ஒருத்தியின் மகனுக்கு வேலை. ஒருத்தியின் பேரனுக்குப் பரீட்சை. ஜெனீவாவின் முழங்கால், கூடவே இந்த முறை இடுப்பும். அடுத்தது நெல்டா. அவள் வாயைத் திறக்கும் முன்பே, தரையைப் பார்த்துக்கொண்டு வில்லடீன் சொன்னாள்:

"நெல்டாவுக்கு எப்பவும்போல ஒண்ணு. ஜெபிக்கிறோம். அடுத்து யாரு?"

"இல்ல" என்றாள் நெல்டா.

எழுந்து நின்றாள். கெல்சி தன்னையறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னிக்குச் சொல்லாத விண்ணப்பம் எதுவும் இல்ல. என் மக மார்லா டெக்சாஸ்ல இல்ல. அவ டெக்சாஸைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. ஜெயில்ல இருக்கா. நோயாளிங்க மருந்தைத் திருடினா. உங்க எல்லாருக்கும் இது தெரியும்; தெரியும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா என் வாயால நீங்க கேட்டதில்ல. அதனால சொல்றேன்."

யாரோ ஜெபம் தொடங்குகிறது என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி குனிந்தாள்.

"தலையைக் குனியாதீங்க. நான் ஜெபம் பண்ணச் சொல்லல. இது ஆண்டவர்கிட்ட கேக்கறதில்ல. உங்ககிட்ட கேக்கறது."

குனிந்த தலைகள் நிமிர்ந்தன, வில்லடீனுடையது தவிர. அவள் மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்டா வட்டத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்து அவள் எதிரே நின்றாள்.

"வில்லடீன், உங்கம்மாவுக்கு என் மக பண்ணினது தப்பு. அதை மறைச்சு உன் மூஞ்சிக்கு நேரா நான் பொய் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. நீ மன்னிக்கணும்னும் இல்ல. அவ உன் கண்ணைப் பார்த்து அவ வாயாலயே கேக்கணும்னு நெனக்கறா. அதுக்கு அவ முதல்ல வீட்டுக்கு வரணும். எனக்கு அவ்வளவு தூரம் ஓட்டக் கண்ணு தெரியாது. வியாழக்கிழமை காலையில அந்த ஜெயில் வாசலுக்கு என்னோட வர்றியா? வண்டியை நீ ஓட்டுவியா?"